உச்சந்தலையில் ஒரு விளக்கு

மூன்று வருடம் ஓடிவிட்டது. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்தில் கச்சபேஸ்வரர் கோயிலில் நடந்தது இது. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கார்த்திகை ஞாயிறுகளில் அந்தக் கோயிலுக்குப் போய் மண்டை விளக்கு எடுப்பார்கள். புது மண் சட்டியில் பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து வைத்து, நடுவில் குழி பண்ணி, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். அந்தச் சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும். தலைவலி, காது வலி, கண் நோவு என்று கழுத்துக்கு மேலே எது வந்தாலும் அந்த வேண்டுதல்தான். எனக்கு நோவு தெரிந்தது நெஞ்சில். ஆனால் அது கிளம்புகிற இடம் தலைதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதனால் நானும் வேண்டிக்கொண்டேன்.

என் நோய்க்குப் பெயர் பயம். அப்போதெல்லாம் இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், 'பிரஷர் கொஞ்சம் இருக்குது' என்று சமாளிப்பேன். வீட்டை விட்டு யார் வெளியே போனாலும் திரும்பி வருகிற வரைக்கும் எனக்குக் கை கால் ஓடாது. என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர், வீட்டிலேயே தறி. நாள் முழுக்கக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர், ஜரிகை வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனால்கூட நான் ரெண்டு போன் போடுவேன். நெய்து முடித்த சேலைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், கண் வாசலிலேயே இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் தம்பி ஒருநாள், 'இதோ வந்துடறேன்க்கா, தோசை ஊத்தி வை' என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் போனான். தோசை ஆறிப்போனதுதான் மிச்சம். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே லாரி. அன்றைக்கு எனக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது: நான் வாசலில் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் அவன் நின்றிருப்பான், அந்த லாரி போயிருக்கும். இது பைத்தியக்காரக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில்தான் என் பாதி ஆயுசு ஓடியது. போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்கிற கணக்கு.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவள் என் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிடம் தாமதமானால் நான் தெருமுனையில் நிற்பேன். காலேஜுக்குச் சென்னை பஸ்ஸில் போய் வந்தபோது, ஏறினதும் ஒரு போன், பாதி வழியில் ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். தோழிகள் எல்லாம் கேலி பண்ணுவார்களாம். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. 'சீட் கெடச்சிடுச்சு மா, உக்காந்துக்கினுதான் வரேன்' என்பாள். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்த வருடம் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, அவள் ஆசைப்பட்ட வேலை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், சத்தியமாக. பக்கத்து வீட்டுக்கெல்லாம் நானே கேசரி கிண்டிக் கொடுத்தேன். ஆனால் கேசரி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். உள்ளங்கை வியர்க்கும். மூச்சு பாதியில் நிற்கும். ஒரே மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று முறையும் இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இது மனப்பதட்டம், மாத்திரை தருகிறேன், பேசிப் பேசித்தான் சரி பண்ண வேண்டும், நாளாகும் என்றார். மாத்திரை சாப்பிட்டேன். ஆனால் எங்களுக்கு நாள்தான் இல்லை. புனேக்காரர்களுக்கு வருகிறேன், வரவில்லை என்று ஒரு திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் வாயால் 'போய் வாடி கண்ணு' என்பேன். உடம்பு 'போகாதே' என்று சொல்லும். என் மகள் கேட்டது என் உடம்பு சொன்னதைத்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் கடை ஞாயிறு. மண்டை விளக்கு எடுத்து ஐந்து சுற்று வந்துவிட்டால் என் படபடப்பு தீர்ந்துவிடும், திங்கட்கிழமை அவள் நிம்மதியாக 'வருகிறேன்' என்று எழுதிவிடலாம். இதுதான் நான் போட்ட திட்டம். சாமிக்கும் சேர்த்து நானே தேதி குறித்துவிட்டேன்.

அந்தக் காலை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. முந்தின நாள் மழை பெய்து தெருவெல்லாம் ஈரம். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே 'பாத்துப் போயிட்டு வாங்க' என்றார். மகள் மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு, நெய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் புதுச் சட்டி வாங்கினோம். நான் நாலு சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓட்டை இருக்குமோ, விரிசல் இருக்குமோ என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணினேன். 'அம்மா, சட்டிக்கு ஈசிஜி எடுக்கணுமா?' என்று மகள் கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவள் வேலைக்கு வெளியூர் போகுமுன் எங்களோடு இருந்த அந்த நாட்களை நினைத்தால் இந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகம் வரும்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, மாவைச் சட்டியில் வைத்து, நெய் ஊற்றி ஏற்றினோம். சும்மாடு வைத்துச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரெண்டு கையாலும் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் தலையில் இருக்கிற விளக்கு நமக்குத் தெரியாது! எதிரே வருகிறவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் தெரியும், சுமக்கிறவளுக்குத் தெரியாது. கேஸை அணைத்தோமா என்று ஐந்து முறை எழுந்து பார்க்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

காற்று வேறு அடித்தது. விளக்கு அணைந்தால் அபசகுனம், மகள் போகிற ரயிலுக்கே ஏதோ ஆகப்போகிறது என்று மனசு உடனே கிளம்பிவிட்டது. மகளை எனக்குப் பின்னால் வரச் சொன்னேன். பத்தடிக்கு ஒரு தரம் கேட்டேன்.

"எரியுதாடி?"

"எரியுது மா."

குளத்துப் பக்கம் திரும்பினதும் ஒரு காற்று, புடவைத் தலைப்பையே தூக்கியது. நடுங்கிப்போய்க் கேட்டேன். கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. ஆனால் வந்தது: எரியுது மா. முதல் சுற்று முடிந்தது. ரெண்டாவது சுற்றிலும் கேட்டேன். மூன்றாவதில் குறைத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்குள்ளே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. சட்டியின் சூடு மெல்ல உச்சந்தலையில் இறங்குகிற மாதிரி இருந்தது. நெஞ்சு படபடப்பு அடங்கியது. பல வருடம் கழித்து மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. நாலாவது சுற்றில் நான் அழுதுகொண்டே நடந்தேன், ஆனந்தத்தில். வேண்டுதல் பலித்துவிட்டது, என் விளக்கு இத்தனை காற்றிலும் அணையவில்லை, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்தாவது சுற்று முடிந்து சட்டியை இறக்கினேன். திரி கறுத்துப்போயிருந்தது. நெய் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. சட்டி சில்லென்று இருந்தது. இப்போதுதான் அணைந்தது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

பக்கத்தில் ஒரு அம்மா தன் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும், தீராத ஒற்றைத் தலைவலிக்காக மாகறல் கிராமத்திலிருந்து வந்ததாக விளக்கு ஏற்றும்போது சொல்லிக்கொண்டிருந்தவர். எங்களுக்குப் பின்னாலேயே சுற்றி வந்தவர் போலிருக்கிறது. நான் சட்டியையே வெறித்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கள்ளமில்லாமல் சொன்னார்:

"முதல் சுத்துலியே அணைஞ்சிடுச்சேமா. குளத்தாண்ட திரும்புனோமே, அப்பவே. நான் சொல்லத்தான் வந்தேன். உன் பொண்ணு வாயில விரல வெச்சுக்கினு, சொல்லாதீங்கன்னு கண்ணாலியே கெஞ்சுச்சு."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அத்தனை ஜனம் நடுவில், சாமி சந்நிதி என்றுகூடப் பார்க்காமல், 'ஏன்டி பொய் சொன்னே, கோயில்லியா பொய் சொல்லுவே' என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு பழையபடி அடிக்க ஆரம்பித்தது. மகள் என்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்கியது. அதைப் பார்த்த அந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. என்னைத் திட்டவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்:

"விளக்கு அணைஞ்சா ஏத்திக்கப்போறோம். இதுக்கா அந்தப் பொண்ணு இப்படி நடுங்கிக்கினு வந்துச்சு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. என் மகள் பயந்தது விளக்குக்கு இல்லை, சாமிக்கும் இல்லை. எனக்கு. அணைந்துவிட்டது என்று தெரிந்தால் நான் என்ன ஆவேனோ என்று பயந்து, நாலு சுற்றும் என் பின்னால் பொய் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறாள். நான் இறக்கிவைத்துவிட்டதாக நினைத்து ஆனந்தமாக அழுதேனே, அந்தப் பாரம் எங்கேயும் போகவில்லை. அவள் தலைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அங்கேயே ஒரு தூணோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் என்னவெல்லாம் பொய் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நெறைய மா. பஸ்ல தொங்கிக்கினு வந்தாலும் சீட் கெடச்சிடுச்சுன்னு தான் சொல்வேன். ஒரு தரம் வழுக்கி விழுந்து கையில தையல் போட்டாங்க, லேப்ல கிளாஸ் கீறிடுச்சுன்னு சொன்னேன். உண்மையைச் சொன்னா நீ தாங்க மாட்டியே மா."

பிறகு கடைசிப் பொய்யையும் சொன்னாள். புனேக்காரர்களுக்கு அவள் வெள்ளிக்கிழமையே பதில் எழுதிவிட்டாள். வரவில்லை என்று. மெயில் போட்டுவிட்டு வந்து, திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது, நீ கவலைப்படாதே என்று எனக்குக் காபி கலந்து கொடுத்திருக்கிறாள். அந்தக் காபியை நான் குடித்திருக்கிறேன்.

அந்த மாகறல் அம்மா தன் சட்டியிலிருந்து ஒரு திரியைப் பற்றவைத்து, உறைந்த நெய்யைக் கிளறிவிட்டு, என் விளக்கை ஏற்றிவைத்தார். 'வரேம்மா, பஸ்ஸு போயிடும்' என்று கிளம்பிவிட்டார். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்று கிளம்பினேன். பின்னால் யாரும் இல்லை, கேட்பதற்கு. அந்த ஒரு சுற்று எனக்கு ஒரு யுகம். நெஞ்சு அடித்தது, காது அடைத்தது, கால் பின்னியது. கீழே விழுந்துவிடுவேன் என்றே நினைத்தேன். வழக்கமாக அந்தப் படபடப்பு வந்தால் அதை விரட்டத்தான் பார்ப்பேன். போன் போடுவேன், எழுந்து ஓடுவேன், யாரையாவது ஏதாவது சொல்லச் சொல்வேன். அன்றைக்கு ரெண்டு கையும் சட்டியில் இருந்தது. விரட்டக் கை இல்லை. சரி, நீயும் கூட வா என்று அதையும் அழைத்துக்கொண்டு நடந்தேன். அது பாட்டுக்கு அடித்தது, நான் பாட்டுக்கு நடந்தேன். பாதிச் சுற்றில் அதுவாகவே கொஞ்சம் இறங்கியது. திரும்பவும் ஏறியது. திரும்பவும் இறங்கியது. ஆனால் நான் விழவில்லை.

நடக்கும்போது ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் நான் கோயில் கோயிலாகப் போய்க் கேட்டது பிரார்த்தனையே இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, எதுவும் ஆகாது என்று சொல்லு, சொல்லு என்று சாமியை நச்சரித்திருக்கிறேன், மகளை நச்சரித்த மாதிரியே. பாவம், மகளுக்குப் பொய் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. சாமி மட்டும் ஒரு நாளும் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. என் தம்பி போனபோதும் சொல்லவில்லை. ஆனால் அவன் போன பிறகும் நான் எழுந்தேன், உலை வைத்தேன், பிள்ளை பெற்றேன், வளர்த்தேன். யாரோ என்னைப் பிடித்துக்கொண்டுதானே இருந்திருக்க வேண்டும்? அணைந்த விளக்கோடு நான் நடந்த நாலு சுற்றும் அப்படித்தான். விளக்கு இல்லை, ஆனால் நடை நிற்கவில்லை. நந்திக்கு நேராக வந்ததும் மனசுக்குள் சொன்னேன்: அப்பனே, யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்று இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன். ஆகிற அன்றைக்கு என் பக்கத்தில் இரு. அதுவும்கூட எனக்குத் தெரிய வேண்டாம், இரு.

சட்டியை இறக்கினபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைந்திருந்தால் ஏற்றியிருப்பேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மகளை உட்காரவைத்துப் புனேக்குப் போன் போடச் சொன்னேன். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்றார்கள். அவள் 'பரவால்ல சார், தேங்க்யூ' என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அழுகை கேட்டது. தறிச் சத்தமும் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து நின்றார். பழைய ஆளாக இருந்தால் நான் கதவைத் தட்டி, 'ஒண்ணும் இல்லதானே, நல்லாத்தானே இருக்கே' என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று அவள் வாயால் சொல்லவைத்திருப்பேன். அன்றைக்குக் கதவுக்கு வெளியே கீழே உட்கார்ந்தேன். வெளியே வந்தவளிடம், 'என்னாலதான்டி போச்சு' என்றேன். 'ஆமாம்' என்றாள். என் முகத்துக்கு நேராக அவள் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். வலித்தது. ஆனால் அவள் சொல்லிவிட்டாள், நானும் தாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன மாதிரியே பேசுகிற வைத்தியத்துக்கும் ஒழுங்காகப் போனேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, அவர் குறைக்கக் குறைக்கத்தான் குறைத்தேன். சாயங்காலத்தில் சாமி முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்காருவேன். எதுவும் கேட்க மாட்டேன். படபடப்பு வந்தால் வரட்டும், அதுவும் என்னோடு உட்காரட்டும். சில நாள் அழுகை வரும், சில நாள் தூக்கம்தான் வரும்.

அடுத்த சித்திரையில் மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ரயில் ஏற்றிவிடப் போனபோது, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போன் பண்ணு என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் குஞ்சத்தில் ஒரு முடிச்சும் ஒழுங்காக விழவில்லை. ரெண்டு சேலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். ஆனால் போனைத் தொடவில்லை. போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டுச் சொன்னாளே, ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் விட்ட குறட்டையைப் பற்றி, அரை மணி நேரம்! விட்டுவிட்டுச் சிரித்தோம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன். குரல் கம்மியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறேன், இன்னும் ரிசல்ட் வரவில்லை என்றாள். என் நெஞ்சு உடனே ஆரம்பித்துவிட்டது, அது எங்கே போகும்? ஆனால் அதற்கு அடுத்து அவள் சொன்னாள்:

"பயமா இருக்குது மா."

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. நான் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த வீட்டில் அவள் பயத்தை வைக்க இடம் எங்கே இருந்தது? பயமாகத்தான் இருக்கும், நான் இருக்கிறேன், சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் சாதாரணக் காய்ச்சல்தான் என்று தெரிந்தது.

என் பயம் முழுசாகப் போய்விடவில்லை, இனிமேல் போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் என் பிள்ளை தன் பயத்தைக் கொண்டுவந்து இறக்கிவைக்க ஒரு இடமாக நான் ஆகியிருக்கிறேன், நான் கேட்கத் தெரியாமல் விட்ட அந்த வரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.